சீக்கிரம் கெட்டுப் போகிற டிஸ்க்

“சீக்கிரமா கெட்டுப் போற டிஸ்க் ஏதாவது இருந்தா குடுங்கண்ணா” என்றாள் அந்தப் பெண், கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு.

சி.டி. கடைக்காரர் கேரண்டிக்குச் சுருக்கென்றது. தெருவில் எல்லோரும் அவரைக் கூப்பிடுகிற பெயரே அதுதான். எந்தக் கம்பெனியின் புது டிஸ்க் கட்டு வந்தாலும் அதிலிருந்து ஒன்றை உருவுவார். படத்தைக் குறைந்த வேகத்தில் நிதானமாகப் பதிவார். கடையில் கிடக்கிற பழைய பிளேயர்கள் ஒவ்வொன்றிலும் ஓடவிட்டுப் பார்ப்பார். ஓரிடத்தில் திக்கினாலும் போதும், அந்தக் கட்டையே ஓரங்கட்டிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது?

அதையும் கடைக்குள் வந்து கேட்டாளா என்றால் அதுவும் இல்லை. வாடகைக் காரை வாசலில் நிறுத்தி, டிரைவரை ஹாரன் அடிக்கச் சொல்லி, வியாபாரத்தில் இருந்த மனிதரைப் படியிறங்கி வரவழைத்துவிட்டு, தான் மட்டும் பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலங்காத்தாலே வந்து வாய்த்தாளே ஒரு மகாராணி என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டார்.

“யாரை ஏமாத்தறதுக்கும்மா?” என்றார் நேராகவே.

“எங்கப்பாவை.”

அவள் சிரிக்காமல் சொன்னதால் அவர் நகராமல் நின்றார். மடியிலிருந்த பையைத் திறந்து ஒரு பழைய டிஸ்க்கை நீட்டினாள். மேலே ‘பாப்பா, முதல் பரிசு’ என்று மார்க்கரில் கோணல்மாணலாக எழுதியிருந்தது.

பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் பாப்பா ஓடுவதை அப்பா எடுத்த படம் என்றாள். பாப்பா லாரியில் அடிபட்ட அந்த விபத்துக்கு அப்புறம் அவருக்கு உலகமே இந்த டிஸ்க்தானாம். வேலைக்குப் போவதை விட்டுவிட்டார். எழுந்ததும் போடுவார், முடிந்ததும் திரும்பப் போடுவார். அம்மா தட்டில் என்ன வைத்தாலும் திரையைப் பார்த்தபடியே சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவுவார். அம்மா என்று ஒருத்தி, மகள் என்று ஒருத்தி வீட்டில் இருப்பதே அவருக்கு மறந்து போய்விட்டது.

“என்னை நிமிர்ந்து பார்க்கறதே இல்லைண்ணா” என்றாள்.

கேரண்டியின் கோபம் போன இடம் தெரியவில்லை. இவளுடைய தங்கச்சி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். எமன் லாரியில் வந்துவிட்டான், மிச்சம் இருக்கிற பிள்ளை அப்பனின் கண்ணில் படாமல் தவிக்கிறது.

டிஸ்க்கை உடைத்துப் போட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்டுவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“உடைச்சா அவரும் உடைஞ்சுடுவாரு. இதுக்குப் பதிலா ஒரு காப்பியை வச்சுட்டா, அது கொஞ்சம் கொஞ்சமா திக்கித் திக்கி, தானா நின்னுடும். அப்பவாவது தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டாரான்னு ஒரு ஆசை.”

பழைய டிஸ்க்கைத் தானே வைத்துக்கொள்ளப் போவதாகவும் சொன்னாள். அதைத் தூக்கிப்போட அவளுக்கும் மனசு வரவில்லையாம்.

ஓடவிட்டுப் பார்க்காமல் அவர் கடையிலிருந்து ஒரு டிஸ்க்கும் வெளியே போனது கிடையாது. உள்ளே வந்து நீயே ஒரு தடவை பார்த்துவிடம்மா என்று கூப்பிட்டார். தான் ஆயிரம் தடவை பார்த்ததுதான், அவரே பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டாள். துக்கத்தில் இருப்பவளை வற்புறுத்துவானேன் என்று அவரும் படியேறிப் போனார்.

ஓரங்கட்டி வைத்திருந்த கட்டுகளைக் கிளறினார். வெளிச்சத்தில் பிடித்தால் மின்விசிறி சுற்றுவது மறுபக்கம் தெரிகிற அளவுக்குப் பூச்சு மெல்லிய டிஸ்க் ஒன்று அகப்பட்டது. படத்தை இருப்பதிலேயே அதிக வேகத்தில் பதிந்தார். இத்தனை வருஷத்தில் மட்டமான டிஸ்க்கைத் தேடி எடுத்தது இதுதான் முதல் தடவை. கை கூசியது.

பிறகு ஓடவிட்டார். இரட்டைப் பின்னல் போட்ட சின்னப் பெண் ஒருத்தி, கடைசியில் கிளம்பி ஒவ்வொருத்தியாகத் தாண்டி வந்தாள். “ஓடுறா கண்ணு, ஓடு” என்று கேமராவுக்குப் பின்னால் ஒரு குரல் தொண்டை கிழியக் கத்தியது. நாடாவை அறுத்த பிறகும் அவள் நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே நேராக ஓடி வந்து அப்பாவின் மேல் தாவினாள். படத்தில் வானமும் தரையும் புரண்டன, சிரிப்பு மட்டும் கேட்டது.

அவருக்கும் மகள்கள் இருக்கிறார்கள். கல்லாவுக்குப் பின்னால் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அப்பாவுக்குத் துரோகம் செய்கிறோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் மார்க்கரை எடுத்து, அதே கோணல் எழுத்தில் பேரை எழுதினார்.

படியிறங்கி வந்து, டிவிக்கு மேலே வெயில் படுகிற மாதிரி வைத்தால் இன்னும் சீக்கிரம் போய்விடும் என்று சொல்லிக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றார். அப்புறமும் மனசு கேட்காமல் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

“தப்பா நினைக்காதேம்மா. செத்துப் போன பிள்ளையை அவரு வேற எங்க போய்ப் பார்ப்பாரு? இன்னும் கொஞ்ச நாள் பார்த்துட்டுத்தான் போகட்டுமே.”

அவள் இரண்டு டிஸ்க்குகளையும் பைக்குள் வைத்து மூடினாள். கண் நிறைந்திருந்தது, குரல் நடுங்கவில்லை.

“அவ சாகலைண்ணா, காலுதான் போச்சு” என்றாள். “அந்தப் பொண்ணு நான்தான்.”