டெல்மியின் எண்

"பதில் வந்துடுச்சாம்மா?" என்று பெத்ரோனா மறுபடியும் கேட்டாள். வரிக்கணக்கை அனுப்பும் பொத்தானை நெல்டா அப்போதுதான் அழுத்தியிருந்தாள்.

"பணம் எங்கேயும் ஓடிப் போயிடாது, பதறாதம்மா. சில பேருக்கு உடனே வரும், சில பேருக்கு நாளைக்கு வரும். வந்ததும் போன் பண்றேன், நீ வீட்டுக்குப் போ."

பெத்ரோனா போகவில்லை. ஆப்பிள் கிடங்கில் லீவு சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பதாகவும், நூலகம் மூடும் வரைக்கும் இருக்கப்போவதாகவும் சொல்லி நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பாவம், என்ன முடையோ என்று நெல்டா நினைத்துக்கொண்டாள்.

அமெரிக்காவின் யாக்கிமா ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைதோறும் ஏழைபாழைகளுக்கு இலவசமாக வரிக்கணக்கு எழுதித் தருவார்கள். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நெல்டா அங்கே சும்மா எழுதிக் கொடுப்பதோடு நிற்கமாட்டாள். அடுத்தவருக்கு அநியாயம் நடந்தால் அவர்களைவிட இவளுக்குத்தான் முதலில் கொதிக்கும்.

பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு அரசாங்கம் வரியில் ஒரு தொகையைத் திருப்பித் தருகிறது. ஆனால் பெத்ரோனாவைப் போல் குவாத்தமாலாவிலிருந்து வந்தவர்களில் பலருக்கு அது எட்டாக்கனிதான். அதற்குப் பிள்ளையின் பெயரில் அரசாங்கம் தரும் சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். குவாத்தமாலாவில் பிறந்த பிள்ளைக்கு அது லேசில் கிடைக்காது.

பெத்ரோனாவின் மகள் டெல்மிக்கு எண் இருந்தது. இங்கே வந்தபின் கணவனிடம் அடிபட்டு, பிள்ளையோடு தப்பி வந்த பெண்களுக்கென்று இருக்கிற சட்டத்தில் மனுப் போட்டு, வக்கீல் வீட்டு வாசலில் தவம் கிடந்து வாங்கிய எண் அது.

"அந்த நம்பர் வந்த வருஷம்தான் அவ அப்பாவுக்கு மக மேல பாசமே பொத்துக்கிட்டு வந்துச்சு" என்று பெத்ரோனா சொன்னபோது நெல்டா சிரித்துவிட்டாள். பெத்ரோனா சிரிக்கவில்லை.

சற்று முன் கணக்கு எழுதும்போது, பெண் எத்தனையாவது படிக்கிறாள் என்று நெல்டா பேச்சுவாக்கில் கேட்டதற்கு, "மூணாவது இருக்கும்" என்றாள் பெத்ரோனா. பெற்ற பிள்ளையின் வகுப்புகூட நினைவில் நிற்காத அளவுக்கு இவளைக் கிடங்கில் பிழிந்தெடுக்கிறார்களே என்று நெல்டாவுக்கு வருத்தமாக இருந்தது. குழந்தை உன்னோடுதானே இருக்கிறாள் என்று எல்லோரிடமும் கேட்கிற கேள்வியையும் கேட்டாள். பெத்ரோனா குனிந்தபடி தலையாட்டினாள்.

பதில் வந்துவிட்டது. திரையில் சிவப்பு எழுத்தில் மறுப்பு. டெல்மியின் எண்ணை வேறொருவர் ஏற்கெனவே தம் கணக்கில் காட்டியிருக்கிறாராம்.

நெல்டாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. யார் அந்த வேறொருவர் என்று சொல்லவா வேண்டும்? வளர்க்கிறவள் இவள், பெட்டி சுமந்து கை காய்த்துப்போனவள் இவள். அடித்துத் துரத்தியவன் நோகாமல் நுங்கு தின்கிறான்.

"போன வருஷமும் இப்படித்தான் வந்துச்சும்மா" என்றாள் பெத்ரோனா. அப்போது சர்ச் கூடத்தில் எழுதிக் கொடுத்தார்களாம்.

"வந்ததும் நீ வாயை மூடிட்டு வீட்டுக்குப் போயிட்டியா? ஏம்மா, குனியக் குனியக் குட்டத்தான் செய்வான்."

நெல்டா படபடவென்று வழி சொல்ல ஆரம்பித்தாள். கணினியில் மறுத்தால் என்ன, காகிதத்தில் எழுதித் தபாலில் அனுப்பலாம். பிள்ளை தாயோடுதான் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு கடிதம், வீட்டு ஓனரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்தால் போதும். அவன் வாங்கிய பணத்தை அரசாங்கம் அவனிடமிருந்தே கறந்துவிடும்.

பெத்ரோனா எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் ஒன்றை மட்டும் கேட்டாள்.

"இது அவரு எப்ப எழுதினது? பழசு இல்லையே?"

"பழசு எப்படிம்மா வரும்? வருஷா வருஷம் புதுசாத்தான் எழுதணும். இந்த வருஷம் பொறந்தப்புறம் எழுதினதுதான். பொண்ணு எங்கூடத்தான் இருக்கான்னு கூசாம கையெழுத்துப் போட்டிருக்கான், பொய்யன்."

பெத்ரோனா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சத்தமே வரவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின. கைக்கு வர வேண்டிய பணம் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது என்று நெல்டா எழுந்துபோய் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அழாத தாயி. திங்கக்கிழமை நானே உங்கூட ஸ்கூலுக்கு வரேன். கடுதாசி வாங்காம திரும்பறதில்ல."

"வேண்டாம்மா. உங்ககிட்டப் பொய் சொன்னது நான்தான். அவரு அவளைத் தூக்கிட்டுப் போயி ரெண்டு வருஷம் முடிஞ்சிருச்சு. எந்த ஊருன்னு போலீசுக்கும் தெரியல."

பெத்ரோனா கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தச் சிவப்பு எழுத்தை இன்னொரு முறை ஆசையோடு பார்த்தாள்.

"இந்த வருஷமும் எம் பொண்ணு உயிரோட இருக்கா."