துரைசானியின் ஊர்

“செருப்பு பத்தாதுங்க வாத்தியாரே. இன்னும் நாலு சோடி போடுங்க. ஞாயித்துக்கெழமைன்னா எங்க கோயில்ல கூட்டம் நெரியுமுங்க,” என்றார், மிஷன் பங்களாத் திண்ணையில் உட்கார்ந்திருந்த மார்த்தா துரைசானி.

டிராயிங் வாத்தியார் காளியண்ணன், படத்திலிருந்த மாதாகோவில் வாசலில் மேலும் நாலு ஜோடி வரைந்தார். இங்கிலாந்தில் யார்க் என்று ஓர் ஊர். அதன் சரித்திரத்தைத் தமிழில் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் படமும் போட்டு முடிக்க அவருக்கு மூன்று வருஷம் ஆயிற்று. இது கடைசிப் படம்.

புதுச்சத்திரத்தில் அதை ஒரு ஆள்கூடச் சீந்தவில்லை. “என்னங்க வாத்தியாரே, வெள்ளைக்கார ராசாவோட வெள்ளிவிழாவுக்குச் சீமைக்குப் போவலீங்களா?” என்று சந்தையில் கிண்டல் வேறு. எடப்பாடியிலிருந்து மாற்றலாகி வந்த வருஷமே அவர் மனைவி சாலம்மாள் இறந்துபோய்விட்டாள். அதற்குப் பிறகு அவரோடு உட்கார்ந்து பேசிய ஒரே ஜீவன் துரைசானிதான். கோட்டைச் சுவர் எவ்வளவு உயரம், ஆறு எந்தப் பக்கம் வளைகிறது, எல்லாம் அந்த அம்மாள் சொல்லச் சொல்ல எழுதியது.

அந்தத் துரைசானி இன்று ஊருக்குப் போகிறார். எழுபது வயதுக்கு மேல் தனியாக இருக்க வேண்டாம் என்று மிஷன்காரர்கள் பங்களாவை ஒழித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். யார்க்கில் வயதானவர்கள் விடுதியில் இடமும் பார்த்தாகிவிட்டது.

“சொந்த ஊருக்குப் போறீங்க. சந்தோசமா இருக்குமுங்களே?” என்றார் காளியண்ணன். நாளை முதல் யாரோடு பேசுவது?

“இருக்குமுங்க,” என்றார் துரைசானி.

மிஷன் மோட்டார் வந்து நின்றது. இறங்கிய பாதிரியார் சேலம் மிஷனுக்குப் புதியவர். யார்க்கிலேயே பிறந்து வளர்ந்தவர். புத்தகத்தை ஆசையாக வாங்கிப் புரட்டினார். சுவர், ஆறு, இடுக்குத் தெரு, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பட்ட பாடு வீண் போகவில்லை என்று காளியண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கடைசிப் பக்கத்தில் பாதிரியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வாத்தியாரே, எங்கள் ஊரில் கோவில் வாசலில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. போட்டுக்கொண்டேதான் உள்ளே போவோம்.”

காளியண்ணனுக்கு முகம் செத்துப்போயிற்று. “அம்மா பாத்துச் சொன்னதுதானுங்க,” என்றார் மெல்ல.

பாதிரியார் துரைசானியின் பக்கம் திரும்பினார். “மறந்துவிட்டீர்களா அம்மா? நம் ஊரை விட்டு வந்து எத்தனை வருஷம் ஆகிறது?”

துரைசானி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்த ஊரைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எங்கப்பா சொன்னதுங்க,” என்றார். அதற்குமேல் அடக்க முடியவில்லை, அழுதுவிட்டார்.

“நான் பொறந்ததே இந்த ஊட்லதானுங்க.”