மச்சானின் வீடியோ

"வீடியோ எடுக்கப் போறாராம், வீடியோ! கல்யாணப் போட்டோவுலயே பாதித் தலையை வெட்டினவன்."

ரிட்டயரான மெக்கானிக் முணுமுணுத்தார். மச்சான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முக்குளிப்புச் சாமான் விற்கிற அந்தக் கடையில், ஒவ்வொரு லைட்டாக எடுத்துச் சுவரில் வெளிச்சம் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இருவரும் ஒரே இழுவைக் கப்பலில் வேலை பார்த்தவர்கள். இவர் இன்ஜின் அறையில், அவன் மேல்தளத்தில். கப்பலுக்கு வயதானதும் பக்கவாட்டை வெட்டித் திறந்து, முக்குளிக்கிறவர்கள் பார்க்கட்டும் என்று கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். நாளைக்கு அதைத்தான் பார்க்கப் போகிறார்கள்.

"ஒத்தை டார்ச் போதும்டா. அப்பல்லாம் ப்ரொப்பெல்லர்ல கயிறு சிக்கினா எதை வச்சு இறங்கினோம்? சைக்கிள் ட்யூப் சுத்தின டார்ச். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணு."

"அதுவும் ஒருதரம் பாதியில அணைஞ்சு போச்சு, அத்தான். மேல வர்ற வரைக்கும் நீங்க என் கையை விடவேயில்லை."

"விட்டிருக்கணும். உங்க அக்காவுக்குப் பயந்து பிடிச்சுக்கிட்டேன்."

கடைக்காரர் நீளமான டார்ச் ஒன்றை நீட்டினார். "இது நல்லா தூரமா அடிக்கும் சார்."

"ஒடுக்கமா அடிக்குது. அகலமாப் பரவணும். கண்ணு கூசக் கூடாது."

"கேமராவுக்கு எங்க சார் கண்ணு கூசும்?"

கடைக்காரர் சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை.

"சிவப்பு, சிவப்பாவே தெரியணும். ஆழத்துல எல்லாமே நீலமாப் போயிடுது."

"அப்ப இந்த ஜோடியை எடுத்துக்குங்க. நிறத்தை உள்ளபடி காட்டும். கேமராவை விட்டுத் தள்ளி, ரெண்டு பக்கமும் கம்பியில மாட்டிக்கணும். பக்கத்துல வச்சா தண்ணியில இருக்கிற தூசியெல்லாம் பளபளன்னு மறைக்கும். என்ன கேமரா சார்?"

"வீட்ல இருக்கு. நீங்க லைட்டை மாட்டுங்க."

கேமராவை உள்ளே வைக்கிற பெட்டியும் கேட்டான். கசிகிறதா என்று கடைக்காரர் வெறும் பெட்டியைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினார். கையை எடுத்ததும் பந்து மாதிரி எகிறி மேலே வந்தது.

"உன் தலை மாதிரிடா," என்றார் மெக்கானிக். "உள்ள ஒண்ணும் இல்லை. அதான் மிதக்குது."

வாய் பேசியதே தவிர, அவருக்கு உள்ளே உதைப்புதான். கொஞ்ச நாளாகவே இரண்டு கண்ணிலும் புகை படிந்த மாதிரி இருந்தது. டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார். அதைப் பற்றி இவர் வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால் தண்ணீர்ப் பக்கமே விடமாட்டார்கள். அப்புறம் இறங்க முடியுமோ, முடியாதோ.

இன்ஜின் அறையில் ஒரு வால்வுச் சக்கரம். வருஷா வருஷம் அவர் கையால் சிவப்புப் பெயின்ட் அடித்தது. அதை ஒருதரம் பார்த்துவிட்டால் போதும். படம் எடுக்கிறேன் பேர்வழி என்று இவன் குறுக்கே வந்து நின்று அதையும் கெடுத்துவிடுவானோ?

மறுநாள் அவர் பயந்தபடியேதான் நடந்தது. தண்ணீருக்குள் மச்சான் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டான். இவர் படியைத் தேடினால் படியில் வெளிச்சம். கதவைத் தேடினால் கதவில் வெளிச்சம். கையை நீட்டினால் கையைப் படம் எடுக்கிறான்! விளம்பரப் பைத்தியம்.

சக்கரம் அங்கேயே இருந்தது. பாசி மூடிக் கறுப்பாய்.

உள்ளங்கையால் தேய்த்தார். இரண்டு லைட்டும் நெருங்கி வந்தன.

சிவப்பு. அவர் அடித்த அதே சிவப்பு.

அந்த அறையின் டீசல் வாசனை, மேல்தளத்திலிருந்து "அத்தான், சாப்பிட வாங்க" என்று இவன் கத்துகிற குரல், எல்லாம் திரும்பி வந்துவிட்டது. முகக்கண்ணாடிக்குள் ஈரம். கசிவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

படகில் ஏறியதும் முதல் வேலையாகக் கேட்டார். "எங்கடா, அந்தச் சக்கரத்தைக் காட்டு."

"கரைக்குப் போய்க் காட்டறேன் அத்தான். பாட்டரி தீர்ந்துடுச்சு."

சொல்லிவிட்டு, சிலிண்டர்களைக் கட்டி வைக்கப் படகின் அந்தக் கோடிக்குப் போய்விட்டான்.

மெக்கானிக்குக் கை சும்மா இருக்குமா? பெட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். கொக்கியைத் தடவியே கண்டுபிடித்துத் திறந்தார்.

உள்ளே கேமரா இல்லை.

பெட்டி மிதக்காமல் இருக்க, பழைய துண்டில் சுற்றிய ஓர் ஈயக்கட்டி இருந்தது.

கொஞ்ச நேரம் அதன் மேலேயே கையை வைத்திருந்தார். பிறகு சத்தம் வராமல் மூடினார்.

மச்சான் பதறிக்கொண்டு ஓடி வந்தான். "அத்தான்! பெட்டியைத் திறந்தீங்களா?"

"இத்தனூண்டு கொக்கி," என்றார் மெக்கானிக், கடலைப் பார்த்தபடி. "அதைத் திறக்க எனக்கு எங்கடா கண்ணு தெரியுது?"