ஆளுக்கு ஒரு கோடு

“நிமிராதீங்க அக்கா. கோடு போடறார்,” என்றான் முத்திரை, உதடு அசையாமல்.

சான்றிதழ்களில் முத்திரை குத்துபவனுக்கு அந்த அலுவலகத்தில் அதுவே பெயர். அவன் அக்கா என்றது, மனு வாங்கும் குமாஸ்தாவை. அவள் நிமிரவில்லை. ஜன்னலோர நாற்காலியில் பெரியவர் மடியில் நோட்டுடன் இருப்பது நிமிராமலே தெரிந்தது.

திங்கட்கிழமை மதியம் சுற்றறிக்கை வந்திருந்தது. வேலைத்திறனை அளக்க ஒருவர் வருவார். தான் யாரென்று சொல்ல மாட்டார். இங்கிருக்கும் மூவரில் ஒருவர் தேவையில்லை என்று அவர் எழுதினால், அந்த ஆளை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், ஜன்னலோரம் இந்தப் பெரியவர்.

“காலையிலேயே வந்து உட்கார்ந்துட்டாருப்பா. சுற்றறிக்கைக்கு முன்னாடியே. பலே ஆளு,” என்றார் தட்டச்சர்.

அன்றிலிருந்து யாரும் இருக்கையை விட்டு எழவில்லை. டீ நின்றது. ‘உட்காருங்க, கூப்பிடறேன்’ என்ற பழைய பாட்டும் நின்றது. ஒரு வாரம் இழுக்கும் சான்றிதழ் இருபது நிமிடத்தில் கைக்கு வந்தது. வாங்கியவர்கள் நம்பாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒருவர் வேலை முடிந்து வெளியேறினால், பெரியவர் நோட்டில் ஒரு கோடு.

“தண்ணி பாட்டிலைப் பாத்தாலே பயமா இருக்குக்கா. குடிச்சா எழுந்திருக்கணும்.”

“வாயை மூடிட்டுக் குத்துடா.”

கவுண்டர் கண்ணாடி நாளுக்கு நாள் நெருங்கி வருவதுபோல் இருந்தது அவளுக்கு. தொட்டி மீனுக்காவது நீந்த இடமுண்டு. வீட்டில் சம்பாதிப்பதும் அவள்தான், மகளுக்கு ஒன்று என்றால் ஓடுவதும் அவள்தான்.

வியாழக்கிழமை இழுப்பறைக்குள் போன் மூன்று முறை அதிர்ந்து அடங்கியது. பிறகு பள்ளியிலிருந்து செய்தி: ‘கடும் காய்ச்சல். உடனே வந்து அழைத்துச் செல்லவும்.’

அவள் எழுந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. தட்டச்சு ஓசை பாதியில் நின்றது.

நான்கு நாளில் முதல்முறையாகப் பெரியவரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

“சார், பொண்ணுக்குக் காய்ச்சல். போயிட்டு அரை மணியில வந்துடறேன். இதை மட்டும் எழுதிடாதீங்க. நாலு நாளா நான் வேலை பாத்ததை நீங்களே பாத்தீங்க.”

பெரியவர் பதறி எழுந்தார். மடியிலிருந்து பழுப்பு உறை ஒன்று நழுவி விழுந்தது.

“ஐயோ, முதல்ல குழந்தையைப் பாருங்கம்மா. இதை எதுக்கு என்கிட்ட கேக்கறீங்க?”

குனிந்து உறையை எடுத்தவர், தயங்கித் தயங்கி நோட்டை விரித்துக் காட்டினார். பக்கம் பக்கமாகக் கோடுகள்.

“எனக்கப்புறம் வந்தவங்கம்மா. இருநூத்துப் பதினோரு பேர் போயாச்சு. நீங்க தலை தூக்காம வேலை பாக்கும்போது தொந்தரவு பண்ண மனசு வரல.”

உறையை நீட்டினார்.

“திங்கக்கிழமை காலையில, ‘உட்காருங்க, கூப்பிடறேன்’னு நீங்கதானேம்மா சொன்னீங்க?”