அட்டையில் ஒரு பெயர்

"அட்டையில பேர் போடணும் சார்."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று, பதிப்பகத்தில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த அன்றே அவளை எச்சரித்திருந்தார்கள். ஆங்கில மரபுத்தொடர்களுக்கான நார்வே மொழி அகராதி நாளை அச்சுக்குப் போகிறது.

பதிப்பாளர் நிமிர்ந்தார். "காலேஜ் முடிச்சு ஒரு வருஷம் ஆகல. அதுக்குள்ள பேர் கேக்குதா?"

"பூனையும் நாயுமா மழை கொட்டுதுன்னு இங்கிலீஷ்ல சொல்றதை அகராதியைத் தொகுத்த உங்க பேராசிரியர் வார்த்தைக்கு வார்த்தை மாத்தி வெச்சிருந்தார். நார்வேக்காரங்க பூதக்கிழவிங்களா கொட்டுதுன்னுதான் சொல்வாங்க. இப்படி எண்ணூறு தொடரைத் திருத்தியிருக்கு சார்."

"கெட்டிக்காரிதான். கடைசிப் பக்கத்துல உன் பேரைப் போடறேன், போ."

"என் பேர் எதுக்கு? எங்கப்பா பேரைப் போடுங்க."

"அவர் எந்த யூனிவர்சிட்டி?"

"பள்ளிக்கூடமே போனதில்ல. நார்வே கப்பல்ல இருபது வருஷம் சமையல். நான் அர்த்தம் சொல்வேன், அதுக்கு நார்வேக்காரங்க என்ன சொல்வாங்கன்னு அவர் வெங்காயம் நறுக்கிக்கிட்டே சொல்வார்."

பதிப்பாளர் வாய்விட்டுச் சிரித்தார். "சமையக்காரர் பேரு அகராதியிலயா? மானம் போயிடும். போய் ரெண்டாம் பாகத்தை ஆரம்பிம்மா."

"அதை அப்பா சொல்லச் சொல்ல நானே எழுதி முடிச்சாச்சு. நேத்தே வேற பதிப்பகத்துக்குக் கொடுத்துட்டார் சார். அட்டையில அவர் பேர்தான். முதல் பாகத்துலயும் இருந்தா நல்லாருக்குமேன்னு கேட்டேன்."

ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, அவள் சிரித்தபடியே படியிறங்கினாள்.