எல்லாம் நார்மல்

"ஓடு ஓடுன்னு விரட்டியே அவனைக் கொன்னுட்டியேம்மா!"

மருத்துவமனை வராந்தா என்றுகூடப் பார்க்காமல் கணவனின் அண்ணன் அவளைப் பார்த்துக் கத்தினார். காலையில் மாரத்தான் ஓடப் போன மனுஷன், முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் சுருண்டு விழுந்து, இப்போது உள்ளே வெள்ளைத் துணிக்குள் கிடந்தார்.

அவள் விரட்டியது வாஸ்தவம்தானே? சர்க்கரை ஏறிப்போய், மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கிய ஆளை, "நாலு சுத்து சுத்திட்டு வாங்க, அப்புறம்தான் காபி" என்று வாசலுக்குத் தள்ளிவிட்டவள் அவள்தான். தொப்பை கரைந்தது. மாத்திரை பாதியானது. ஓட்டம் புருஷனுக்கு ஆயுசைக் கூட்டுகிறது என்று பூரித்துப் போயிருந்தாள், பாவி.

சுவரோரம் உட்கார்ந்திருந்த மாமியார், யாரையும் பார்க்காமல் கேட்டாள். "நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னானாமே. அப்புறமும் எப்படி அனுப்பினே?"

"ஓட வேணாம்னு சண்டை போட்டேன் அத்தே. ஈசிஜி எடுத்துக் காட்டினாத்தான் பந்தயத்துலயே சேர்ப்பாங்களாம். 'எடுத்தாச்சு, எல்லாம் நார்மல்'னு சிரிச்சார். அதை நம்பித்தான்..."

"மெஷின் சொன்னா ஆச்சா?" அண்ணன்காரர் பாய்ந்தார். "கூடவே இருக்கிற பொண்டாட்டிக்குத் தெரிய வேணாமா? எனக்கு இருந்தது ஒரே தம்பி. அவன் கேட்டு நான் எதையும் மாட்டேன்னு சொன்னதே கிடையாது!"

முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார். அந்த அழுகை பொய்யில்லை. அதுதான் அவளை இன்னும் குத்தியது.

கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார்.

"ஓடுறது இதயத்துக்கு நல்லதுதாம்மா. ஆனா இவருக்கு முன்னாடியே ஒரு அட்டாக் சத்தமில்லாம வந்துட்டுப் போயிருக்கு. அப்படிப்பட்டவர் இவ்வளவு தூரம் ஓடவே கூடாது. முன்னாடியே ஒரு ஈசிஜி எடுத்திருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்குமே."

"எடுத்தார் டாக்டர். இதே ஆஸ்பத்திரியிலதான். நார்மல்னு வந்துச்சு."

"இருக்காதே..." டாக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

அண்ணன்காரரின் விம்மல் சட்டென்று நின்றது. "நடந்தது நடந்துபோச்சு. இப்ப எதுக்கு அதையெல்லாம் கிளறிக்கிட்டு? ஆக வேண்டியதைப் பார்ப்போம்" என்று எழுந்தார்.

அப்போது வராந்தாக் கோடியிலிருந்து ஈசிஜி எடுக்கும் பெண் அரக்கப்பரக்க ஓடிவந்தாள். அண்ணன்காரரைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்து நின்றாள்.

"அப்பாடா! சார், நல்லா இருக்கீங்களா! ஓட்டத்துல விழுந்து இறந்தவர்னு உங்க பேரைச் சொன்னாங்க, ஈரக்குலையே நடுங்கிடுச்சு. போன வாரம் நான்தானே உங்களுக்கு எடுத்தேன்! 'அஞ்சு நிமிஷம் படுத்து எழுந்தா மாரத்தான் ஓடிடலாம்போல'ன்னு கிண்டல்கூடப் பண்ணீங்களே!"

அண்ணன்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். மாமியார் முதல் தடவையாக நிமிர்ந்து, மிச்சமிருந்த மகனைப் பார்த்தாள்.

ஒன்றும் புரியாத அந்தப் பெண் மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு அப்பவே நினைச்சேன் சார். உங்க ஈசிஜி அவ்வளவு நார்மல்!"