உப்பில்லாத குழம்புக்கு ஒரு ஒயின்

சூரை மீன் குழம்பை வாயில் வைத்ததும் தேவேந்திரன் கண்ணை மூடிக்கொண்டார்.

சைக்கிளில் வந்திருந்த கூட்டம் மெல்லுவதை நிறுத்தியது. சென்னையிலிருந்து வந்த ஒயின் நிபுணர் கண்ணை மூடினால் மற்றவர்கள் வாயை மூட வேண்டும். டூரில் யாரும் எழுதி வைக்காத விதி.

வீட்டுக்காரர் தங்கையா குழம்பு வாளியோடு அப்படியே நின்றார். கடைசி இலைக்கு ஊற்றிவிட்டு, கரண்டியில் ஒட்டியதை விரலால் வழித்து நாக்கில் வைத்தபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது.

குழம்பில் உப்பு இல்லை.

குறைவு என்றில்லை. சுத்தமாக இல்லை.

காலையில் டெலானிபூரில் கிளம்பி, சிடியாடாப்பு சாலையில் வியர்த்து வழிந்து, மத்தியானம் இந்த வீட்டில் சாப்பாடு. 'தீவின் ருசி, சைக்கிளில், ஒயினுடன்' என்பது கம்பெனி விளம்பரம். தீவில் திராட்சை விளையாது. அதனால் ஒயின் நாசிக்கிலிருந்து விமானம் ஏறி வந்து, ஐஸ் பெட்டியில் உட்கார்ந்து, பின்னால் வேனில் வந்தது. அதே வேனில்தான் தேவேந்திரனும் வந்தார். ஆனாலும் ஹெல்மெட்டை மட்டும் அவர் இன்னும் கழற்றவில்லை.

இந்த வழியைப் போட்டவன் தங்கையாவின் மகன் பாலகுமார். வீட்டுக்கு முந்தின வளைவில் எல்லோரையும் மணியடிக்கச் சொல்வான். மணி கேட்டால் உள்ளே அவன் அம்மா நீலாவதி இலை போட்டுவிடுவாள். வழி கம்பெனியின் கைக்குப் போன பிறகு எல்லாம் மாறியது. மணி மட்டும் மாறவில்லை.

இந்த வீடு வழியில் இருக்கட்டுமா, சாப்பாட்டை ஏதாவது ரிசார்ட்டுக்கு மாற்றிவிடலாமா என்று பார்த்துச் சொல்லத்தான் இன்று தேவேந்திரன் வந்திருந்தார். தங்கையா கப்பல் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் வருகிறது. அவருக்கு வேண்டியது அந்த மணிச் சத்தம்தான். அது நின்றுபோன வளைவை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நிபுணர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"உப்பே தெரியல."

தங்கையா வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன ஒரு அடக்கம் சார்! மீன் பேசுது. உப்பு மட்டும் இருந்திருந்தா இந்த ஒயின் வாயையே திறந்திருக்காது."

கூட்டம் தலையாட்டியது. சற்று முன்புதான் "அங்கிள், தோடா நமக்?" என்று ரகசியமாக உப்புக் கேட்டிருந்த டெல்லிப் பெண், "க்யா பாத் ஹை!" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ரசித்தாள். ஊறுகாயைக் குழம்பில் கரைத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் விரலை இலைக்கு அடியில் மறைத்தான்.

"இந்த வீடு இருக்கும் சார். ரெசிபிய மட்டும் மாத்திராதீங்க." ஒரு கோப்பையில் ஒயினை ஊற்றித் தங்கையாவின் கையில் திணித்தார் தேவேந்திரன். "சுத்திட்டுக் குடிக்கணும்."

எதைச் சுற்றுவது என்று தெரியாமல் தங்கையா தாமே ஒரு சுற்றுச் சுற்றி, கோப்பையோடு அடுக்களைக்குள் ஓடினார்.

"ஏட்டி, பொழச்சோம்! வீடு இருக்கும்னுட்டான். உப்பு எங்கட்டி போச்சு? நீ மறந்தத அந்தாளு சங்கீதம் மாதிரில்லா ரசிக்கான்!"

நீலாவதி அடுப்புக்கு முன்னால் இல்லை. மூலையில், சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் ஓர் இலை. சோறு, சூரைக் குழம்பு, அப்பளம். இலைக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"படையலுக்கு வச்சத வாயில வச்சுப் பாப்பாகளா?" என்றாள்.

தங்கையாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கப்பல் புறப்படும் தேதியைப் பார்த்தே வாழ்ந்த மனிதர். மகன் அந்த வளைவில் விழுந்து செத்த தேதி அவர் கணக்கில் அடுத்த வாரம்தான். அதற்குள் மனதைத் தயார் பண்ணிக்கொள்ளலாம் என்று இருந்தார். நீலாவதி திதி பார்ப்பவள். திதி அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் முன்னாலேயே வந்துவிட்டது.

"இவுகள இன்னைக்கு வர வேண்டாம்னு சொல்லிரலாமான்னுதான் பாத்தேன். அவன் போட்ட வழியில வாரவுக. சாப்ட்டுட்டுப் போவட்டும்."

தங்கையா கரண்டியை வழித்த தன் விரலைப் பார்த்தார்.

வெளியே தேவேந்திரன் அடக்கத்தைப் பற்றி இன்னும் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

கையில் கோப்பை கனத்தது. பாலகுமார் விருந்தாளிகளோடு ஒயின் குடிப்பான் என்பது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் கோப்பையைத் தூணுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, அவசரமாக ஒரு கிராம்பைக் கடிப்பான். தங்கையாவும் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தபடி கடந்து போய்விடுவார்.

குனிந்து, சிந்தாமல், கோப்பையை இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

பிறகு அவன் குடிக்கட்டும் என்று சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.